பழைய டச்சு வரைபடத்தில் "பகோடா": விகாரையா, கோயிலா?

தேவிபட்டினத்தான்: டச்சுக்காரர் காலத்துக் கடல் வரைபடம் ஒண்ணு ஸ்கேனா கிடைச்சிருக்கு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல கரையை ஒட்டி ஒரு கோபுரம் போட்டு "பகோடா"ன்னு எழுதியிருக்கு. நாகப்பட்டினத்துல சோழர் காலத்துல இருந்த சூடாமணி விகாரை (புத்த மடம்) மாதிரி இங்கேயும் ஒண்ணு இருந்து அழிஞ்சிருக்குமா? கியூஜிஐஎஸ்ல (கணினி வரைபட மென்பொருள்) பழைய படத்தை இன்றைய வரைபடத்தோட பொருத்தி இடத்தை எப்படிப் பிடிக்கிறது?

கரைவலை: குறியை வச்சு மதம் சொல்ல முடியாது தம்பி. மாலுமிக்குத் தூரத்துல தெரிஞ்சா போதும், எல்லாக் கோயிலும் பகோடாதான். நாகப்பட்டினத்தையே பாருங்க. ஊருக்கு வடக்கே நின்ன மூணு நிலைச் செங்கல் கோபுரத்துக்குச் சீனா பகோடா, கறுப்பு பகோடா, புதுவெளி கோபுரம்னு பல பேர். ஆங்கிலேயர் கால சர்வே வரைபடத்தின் 79ஆம் தாள்ல ஜைன பகோடா! 1846ல வால்டர் எலியட்ங்கிற ஆங்கிலேய அதிகாரி நேர்ல பார்த்தார், 1867ல இடிச்சுட்டாங்க. அங்கே விகாரை இருந்துச்சுன்னு உறுதியாச் சொல்றது வரைபடம் இல்ல. ஆனைமங்கலம் கிராமத்தை விகாரைக்கு விட்ட சோழர் சாசனமான லெய்டன் செப்பேடும், 1856லேருந்து அந்த ஊர்ல கிடைச்ச முந்நூத்துச் சொச்சம் புத்தர் செப்புத் திருமேனிகளும்தான்.

அளவுச்சங்கிலி: முதல்ல அளவுகோலைப் பாருங்க. டச்சு வரைபடத்துல பெரும்பாலும் ஜெர்மன் மைல்: அட்சரேகை ஒரு டிகிரிக்கு 15, அதாவது ஒரு மைல் சுமார் 7.4 கிமீ. கடல் மைல்னு எடுத்தா நாலு மடங்கு பிசகும்.

அப்போ கடல்ல தீர்க்கரேகை சரியா எடுக்க வழியில்ல, அட்சரேகை பரவாயில்ல. உங்க கரை ஏறக்குறைய வடக்கு தெற்காத்தான் ஓடுது, கரையில எந்த இடம்னு அட்சரேகையே சொல்லிடும், அதனால தப்பிச்சீங்க.

கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு (பழைய படத்துலயும் இன்றைய படத்துலயும் ஒரே இடம்னு தெரிஞ்ச புள்ளி) ராமேஸ்வரம், திருப்புல்லாணி கோயில்களை எடுங்க. வைகை முகத்துவாரம், மணல் திட்டு, தனுஷ்கோடி முனை வேண்டவே வேண்டாம், எல்லாம் இடம் மாறுறது. முதல் படி பாலினோமியலுக்கு (படத்தை நகர்த்தி, திருப்பி, ஒரே சீரா இழுத்துப் பொருத்துற எளிய முறை) மூணு புள்ளி போதும்னு மென்பொருள் சொல்லும். ஆறு, ஏழு புள்ளியாவது வைங்க, ரெண்டைச் சேர்க்காம ஒதுக்கி அதுல சோதிங்க. தின் பிளேட் ஸ்பிளைன்ங்கிற முறை படத்தை ரப்பர் மாதிரி வளைச்சுப் பொருத்துறதால எல்லாப் புள்ளியிலயும் பிழை பூஜ்யம்னு காட்டும், அதை நம்பி ஏமாறாதீங்க.

தேவிபட்டினத்தான்: குறி கரைமேலேயே இருக்கே அண்ணே, அப்ப கட்டடமும் கரையிலதானே?

கரைவலை: அவசியமில்ல. மீட்டர்ல உயரத்தோட வர்க்கமூலத்தை 3.6ஆல பெருக்கினா தெரியிற தூரம் கிமீல வரும். 30 மீட்டர் கோபுரம் கிட்டத்தட்ட 20 கிமீ தெரியும், கப்பல் தளத்துலேருந்து இன்னும் கூட. திருவாடானை மாதிரி உள்ளே இருக்கிற கோயிலையும் கரையோடு ஒட்டி வரைஞ்சிருக்கலாம். நம்புதாளை, முள்ளிமுனை, திருப்பாலைக்குடின்னு இப்ப நிக்கிற கோயில்களை முதல்ல கழிங்க. அப்புறமும் குறி அநாதையா நின்னா மேட்டைத் தேடலாம். பழைய செங்கல், சிலை ஏதும் தட்டுப்பட்டா தோண்டாதீங்க. 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும்.