மறு: ‘பின்னூட்டம்’ போதுமா? வாசகரிடம் முன்கூட்டியே கேட்பதற்கு ஒரு சொல்

குழும உறவுகளுக்கு வணக்கம்.

என் கேள்விக்கு இவ்வளவு பேர் மினக்கெட்டு எழுதியதற்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: வன்னியிலிருந்து பல்கலைக்கழகம் போய், அங்கேயே கற்பித்தலிலும் ஆய்விலும் நிலைக்க விரும்பும் பிள்ளைகளுக்காக ஒரு செய்திமடல் அனுப்புகிறோம். அடுத்த ஆண்டு எதை எழுதுவது என்று தீர்மானிக்கும் முன் வாசகரிடமே கேட்கப்போகிறோம். அந்தக் கேட்டலுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் பேச்சு.

> எல்லாருக்கும் தெரிந்த ‘பின்னூட்டம்’ இருக்கேக்க புதுச்சொல் ஏன்?

ரீச்சர், வலைப்பதிவுக் காலத்திலிருந்து ‘பின்னூட்டம்’ என்றால் எழுதியதற்குக் கீழே வந்து விழும் கருத்து. எங்கள் ஆசிரியர் கைந்நூல்களில் ‘பின்னூட்டல்’ என்பது மாணவர் செய்த வேலையைப் பார்த்து ஆசிரியர் சொல்வது. இரண்டிலும் வேலை முடிந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் சொல் வருகிறது. ‘பின்னூட்டம் தாருங்கள்’ என்று கேட்டால் வாசகர் கடந்த இதழுக்குப் புள்ளி போடுவார். ‘நல்ல முயற்சி, தொடருங்கள்’ என்று அன்பாக எழுதுவார். அதை வைத்து அடுத்த இதழுக்கு ஒரு வரிகூடத் திட்டமிட முடியாது.

> கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதற்கு நேர்ச்சொல் உண்டு: முன்னூட்டல்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்து எழுதிய தம்பி சொன்னதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொறியியல் தெரியாதவர்களுக்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் ஏறிய பிறகு வான்கதவைத் திறந்தால் அது பின்னூட்டல். கனகராயன் ஆற்றுப் படுகையில் பெய்த மழையை அளந்து, மட்டம் ஏறுமுன்னரே திறந்தால் அது முன்னூட்டல். கருத்தளவில் எங்களுக்கு வேண்டியதற்கு மிகக் கிட்ட நிற்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லைப் பொறியியலுக்கே விட்டுவைப்போம் என்கிறேன். அங்கே அதற்குத் துல்லியமான பொருள் உண்டு, நாங்கள் தொட்டால் அது கலங்கிவிடும். ‘ஊட்டல்’ என்ற சொல்லுக்குள் கேள்வியும் இல்லை. எங்கள் செயலின் உயிரே கேள்விதானே.

‘கருத்துக்கணிப்பு’ தேர்தலோடு ஒட்டிப்போய்விட்டது. ‘கேள்விகோரல்’ என்றால் வீதி போடவும் கட்டடம் கட்டவும் ஒப்பந்தகாரரை அழைக்கும் அறிவித்தல். இரண்டையும் விட்டுவிடலாம்.

> ‘தேவை மதிப்பீடு’ வன்னியில் எல்லாருக்கும் பழகின சொல்.

பழகின சொல் என்பதால்தான் எனக்குப் பயம், அண்ணை. எப்படிப் பழகியது என்று யோசியுங்கள். போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் முகாம்களில் ஒரு பதிவு, இடைத்தங்கலில் இன்னொரு பதிவு, மீள்குடியேறிய பிறகு வீட்டுக்கு, மலசலகூடத்துக்கு, வாழ்வாதாரத்துக்கு என்று படிவம் படிவமாக. அந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. படிவங்கள் அதற்குப் பிறகும் முடியவில்லை. கேட்டவர்களில் உண்மையாக உதவியவர்கள் நிறையப் பேர் என்பதை மறக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பியே வராதவர்களும் இருந்தார்கள். இன்றைக்கும் ஒருவர் கையில் படிவத்தோடு படலைக்கு வந்தால் உள்ளேயிருந்து வரும் முதற்குரல், ‘என்னத்துக்குக் கேக்கினம்? பதியினமோ?’ என்பதுதான். இன்று பட்டப்படிப்பில் இருக்கும் எங்கள் வாசகர்கள் அந்தப் படலைக்குள் நின்ற சின்னப் பிள்ளைகள். ஆகவே ‘பதிவு’, ‘தகவல் திரட்டல்’, ‘தேவை மதிப்பீடு’ ஆகிய மூன்றும் மடலின் தலைப்பில் வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ‘மதிப்பீடு’ என்றால் மதிப்பவர் மேலே நிற்கிறார். எங்கள் வாசகர் யாருடைய பயனாளியும் அல்லர்.

என் முன்மொழிவு: முன்கேட்பு.

மீள் என்பது ‘மீட்பு’ ஆவதுபோல் கேள் ‘கேட்பு’ ஆகிறது. ‘கேள்’ என்பதற்கு வினவுதல், செவிகொடுத்தல் என இரண்டு பொருளும் உண்டு. கடையில் விலை கேட்பதும் கேட்டல், அம்மா சொல்வதைக் கேட்பதும் கேட்டல். இந்தச் செயலுக்கு இரண்டும் வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது பயனில்லை. தமிழகத்து நண்பர் ஒருவர் ‘கேட்பு வரைவோலை’யை நினைவூட்டி, உரிமையோடு கோருவது போல ஒலிக்குமே என்றார். வங்கிக்கு வெளியே அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். ‘முற்பகல்’ போல ‘முற்கேட்பு’ என்று புணர்த்த வேண்டாமா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் முன்பணம், முன்கோபம் என்று புணராமலும் வழங்குகிறோம். முதல்முறை பார்க்கும் கண்ணுக்கு ‘முன்கேட்பு’ உடனே பிரிந்து பொருள் தருகிறது.

பொருள் வரையறையையும் இறுக்கமாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் வெறும் படிவத்துக்குப் பெயராகிவிடும். சிறுபோகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் கமக்காரரிடம் வெறுமனே ‘என்ன வேணும்?’ என்று கேட்பதில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் சொல்லப்படுகிறது. அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் நீர் திறப்பது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவை வைத்தே ஆட்கள் வயலில் இறங்குகிறார்கள். முன்கேட்பும் அப்படி இருக்கட்டும். ஓர் ஆண்டில் எங்களால் எத்தனை கட்டுரை எழுத முடியும், எதைப் பற்றி எழுத ஆள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்பது. கேட்ட பிறகு எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை என்று அதே வாசகருக்குத் திருப்பி எழுதுவது. திருப்பி எழுதாதவர் செய்ததை முன்கேட்பு என்று அழைக்கக்கூடாது.

இனி, என்ன கேட்பது? பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது பற்றி எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி, திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்று தேநீர்க் கடையிலும் பேசுவார்கள். பட்டம் முடிந்த அடுத்த நாளிலிருந்துதான் இருட்டு. தற்காலிக விரிவுரையாளராக இருக்கும்போது விண்ணப்பங்களை எப்படித் தயாரிப்பது? தகுதிகாண் விரிவுரையாளராக எடுபட்டால் எவ்வளவு காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடிக்க வேண்டும்? கற்கை விடுப்பில் வெளிநாடு போகும்போது கையெழுத்திடும் பிணை ஒப்பந்தத்துக்குப் பிணையாளியை எங்கே தேடுவது? முன்பின் தெரியாத பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சலை எப்படி எழுதுவது?

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கிய வவுனியா, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. முன்னர் கல்விசார் பணி என்றாலே ஊரைவிட்டுப் போவதற்கான ஆலோசனையாகத்தான் இருந்தது. இப்போது வன்னிக்குள்ளேயே இருந்து விரிவுரையாளராக முடியும். எங்கள் வாசகர் போகும் வழியைக் கேட்கிறாரா, இருக்கும் வழியைக் கேட்கிறாரா? எனக்கு இதை அறிய உண்மையான ஆவல்.

வினாக்களின் வடிவம் பற்றி என் கருத்து திடமானது. ‘எந்தத் தலைப்பு பிடிக்கும்?’ என்று கேட்டால் எல்லாம் பிடிக்கும் என்பார்கள். ‘கடைசியாக எந்த விண்ணப்பத்தைத் தொடங்கி இடையில் விட்டீர்கள்? எந்த இடத்தில் நின்றது?’ என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வது எல்லாருக்கும் எளிது. விருப்பத்தை வகைப்படுத்துவது கடினம். பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பாதி வழி தாண்டியவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இடையில் விட்டுவிட்டுப் பாடசாலை ஆசிரியராகவோ வங்கியிலோ சேர்ந்தவர்கள் மடலைத் திறப்பதையே நிறுத்தியிருப்பார்கள். அவர்களை நாங்களே அழைத்துப் பேச வேண்டும். அவர்கள் நின்ற இடம்தான் எங்கள் கட்டுரை தொடங்க வேண்டிய இடம்.

பெயர் கேட்கமாட்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது. ‘முல்லைத்தீவு, பெண், பௌதிகவியல், தற்காலிக விரிவுரையாளர்’ என்று நான்கு கட்டங்களை நிரப்பினால் அது யார் என்று துறையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் உலகம் அவ்வளவு சின்னது. மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு குறை எழுதிய பிள்ளையின் ஒப்பந்தம் அடுத்த முறை நீடிக்கப்படாமல் போகலாம். மாவட்டம் வேண்டாம், துறை வேண்டாம், படிப்பின் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பது ஒன்றே போதும். படிவம் கைபேசியில் ஒரு திரைக்குள் முடியட்டும். எழுதக் கூச்சப்படுபவர் குரல்பதிவாக அனுப்ப ஒரு வழியும் இருக்கட்டும். தட்டச்சில் இரண்டு வரி எழுதும் பிள்ளை வட்சப்பில் நின்று நிதானமாகப் பேசும்.

குழுமத்தின் முடிவுக்காக இவற்றை வைக்கிறேன்: கேட்கும் செயல் ‘முன்கேட்பு’, அனுப்பும் மடல் ‘முன்கேட்பு மடல்’, கேட்டபின் வாசகருக்குத் திருப்பி எழுதுவது ‘கேட்புரை’. கடைசிச் சொல்லில் எனக்கே முழு நிறைவில்லை, ‘ஒலி கேட்பு’ போலத் தொனிக்கிறது. மன்னார் பக்கத்து நண்பர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. அங்கே கமக்காரரிடமும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் இதற்கு ஏதாவது நல்ல சொல் புழங்குகிறதென்றால் தயவுசெய்து எழுதுங்கள். அதன்பிறகே மடலின் தலைப்பை முடிவுசெய்கிறேன்.