இன்னொரு 970 சேர்ப்பதா, 1080 வாங்குவதா?

கேள்வி: என்னிடம் ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் அதே கார்டை செகண்ட் ஹேண்டில் மலிவாகத் தருகிறார். இரண்டையும் எஸ்எல்ஐ-யில் (இரண்டு கார்டுகளை இணைத்து ஒன்றாக ஓட்டும் முறை) கோர்க்கலாமா, காசு சேர்த்து ஜிடிஎக்ஸ் 1080 வாங்கலாமா? பவர் சப்ளை 550 வாட். கேபினெட் சின்னது, இப்போதே அடுப்பு மாதிரி கொதிக்கிறது.

பதில்: ஒன்றரை வருடம் இரண்டு 970 வைத்து மாரடித்தவன் சொல்கிறேன், வேண்டாம். கார்டு மெமரி 4-ம் 4-ம் சேர்ந்து எட்டு ஜிபி ஆகாது. இரண்டிலும் ஒரே டேட்டாதான் இருக்கும். அந்த 4-லும் கடைசி அரை ஜிபி மந்தம். ஒரு ஃப்ரேம் இந்த கார்டு, அடுத்தது அந்த கார்டு என்று மாறி மாறி வரைவதால், கவுண்டர் நொடிக்கு 70 ஃப்ரேம் காட்டும்போதும் படம் திக்கித் திக்கி ஓடும். சில கேம்களுக்கு எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (இரண்டு கார்டையும் அந்த கேமில் ஓட வைக்கும் டிரைவர் அமைப்பு) வரவே இல்லை. பாதி நாள் என் இரண்டாவது கார்டு வேடிக்கைதான் பார்த்தது.

பதில்: 970 ஒன்றுக்கு 145 வாட், இரண்டுக்கு 290. 1080-க்கு 180 தான், 8 ஜிபியும் உண்டு. உங்கள் 550 தாங்கும். அப்புறம், மதர்போர்டு எஸ்எல்ஐ எடுக்குமா என்று பார்த்தீர்களா?

கேட்டவர்: இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. கார்டு செருக ஒரே ஒரு பெரிய ஸ்லாட்தான் இருக்கிறது!