51 செவ்ரலே 3100: பின் மட்கார்டை அறுக்கலாமா, கூடாதா?

ஓஹையோவாசி
என்னிடம் 1951 செவ்ரலே 3100 பிக்கப் இருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் கம்பெனியில் வந்தவை. பழைய 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு, பின்னால் 8 அங்குல அகல ரிம்மில் 275/60R15 (அகலம் 275 மி.மீ.) டயர் போட்டேன். உயரம் ஏறக்குறைய பழையபடி 28 அங்குலம்தான். அகலம்தான் 11 அங்குலத்தை நெருங்குகிறது. டயர் மட்கார்டு விளிம்பைத் தாண்டி நிற்கிறது, பள்ளத்தில் இறங்கினால் உரசுகிறது. மட்கார்டை நீளவாக்கில் அறுத்து 2 அங்குலம் அகலமாக்கித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். சரிப்படுமா?

அப்படியே இருக்கட்டும்
வேண்டாம். அமெரிக்காவில் ஓஹையோ ரோட்டில் பனி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்க உப்பு கொட்டுகிறார்கள். அந்த ஊரில் 51-ஆம் வருஷத்து மட்கார்டு துரு இல்லாமல் தப்பித்திருந்தால் அதுவே பெரிய விஷயம். அதைப் போய் அறுக்கக் கேட்கிறீர்களே! டயரை மாற்றுங்கள், ஐநூறு டாலரோடு போகும். அறுத்த தகடு திரும்ப வராது.

தகரத் தச்சன்
விவசாயி மூட்டை ஏற்றுவதற்காக விற்ற வண்டி அது, மூலஸ்தானத்து விக்கிரகம் இல்லை. தாராளமாக அறுக்கலாம். ஆனால் எங்கே அறுப்பது என்பதைப் பட்டறைக்காரரிடம் முதலில் கேளுங்கள். "நடு முதுகில்" என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த இடம் இரண்டு திசையிலும் வளைந்தது. அங்கே நீளமாக வெல்டு வைத்தால் சூட்டில் தகடு சுருங்கி நெளிந்துவிடும், அப்புறம் பட்டி பூசித்தான் மறைக்க வேண்டும். மட்கார்டு பின்னால் உள்ள சரக்குப் பெட்டியோடு போல்ட் ஆகிற மடிப்புக்குப் பக்கத்தில் அறுத்து, அங்கே 18 கேஜ் தடிமனுள்ள தகட்டில் பட்டை சேர்க்க வேண்டும். வெளி உருவம் மாறவே மாறாது. ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, ஆற விட்டு, சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்துத் தட்டிக்கொண்டே போக வேண்டும். முடிந்தால் டிக் (TIG) வெல்டு. கம்பி தானாக ஓடிவரும் மிக் (MIG) வெல்டு கெட்டியாகிவிடும், தட்டினால் இளகாது.

அப்படியே இருக்கட்டும்
வெளி உருவம் மாறாதா? அந்த மட்கார்டின் முன் முனை ரன்னிங் போர்டில், அதாவது கதவுக்குக் கீழே கால் வைக்கிற பலகையில், வந்து முட்டுகிறது. மட்கார்டு 2 அங்குலம் வெளியே போனால் ரன்னிங் போர்டு அங்கேயேதான் நிற்கும். படி மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். ரன்னிங் போர்டையும் அகலமாக்கினால் அது முன் மட்கார்டோடு சேராது. எங்கே போய் நிற்பீர்கள்?

தகரத் தச்சன்
முன் முனையை மட்டும் V மாதிரி வெட்டி உள்ளே இழுத்துச் சேர்ப்பார்கள். வேலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2 அங்குலம் என்பதும் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

அச்சாணி
இரண்டு பேரும் தகட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சக்கரம் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. இந்த வண்டியில் டயர் ஓடுவது இரண்டு சுவருக்கு நடுவில்: வெளியே மட்கார்டு விளிம்பு, உள்ளே பெட்டியின் பக்கத் தகடு. இரண்டு பக்க இடைவெளியும் தெரியாமல் அறுப்பது, குறுக்குவது எல்லாம் வெறும் பேச்சு. மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளந்து சொல்லுங்கள். ரிம்மின் பேக்ஸ்பேசிங்கும் வேண்டும், அதாவது ரிம்மின் உள் விளிம்பிலிருந்து பிரேக் டிரம்மில் உட்காரும் முகம் வரை எவ்வளவு என்று.

ஓஹையோவாசி
வலது பக்கம் பார்த்தேன். டயர் வெளியே முக்கால் அங்குலம் நீட்டுகிறது. உள்ளே பெட்டித் தகட்டுக்கும் டயருக்கும் ஒன்றரை அங்குலம். பேக்ஸ்பேசிங் 4.

அப்படியே இருக்கட்டும்
பார்த்தீர்களா! பேக்ஸ்பேசிங் 5 உள்ள ரிம் போட்டால் டயர் ஒரு அங்குலம் உள்ளே போய்விடும். டயரை 255/60 ஆக்கினால் அகலத்தில் இன்னும் முக்கால் அங்குலம் குறையும், பக்கத்துக்குப் பாதி. வெளியே அரை அங்குலத்துக்கு மேல் இடம், உள்ளே முக்காலுக்கு மேல். ஒரு வெல்டு கூட இல்லை.

தகரத் தச்சன்
உயரமும் ஒரு அங்குலம் குறையும், அதைச் சொல்லவில்லையே. அந்த உருண்டை மட்கார்டுக்குள் குட்டை டயர் எடுக்காது. பின்னால் இறக்கி வைத்த வண்டிக்கு உள்ளே நிறைந்து நிற்கிற டயர்தான் அழகு.

மைல்கல்
பின் ஆக்சிலையே குறுகலானதாக மாற்றிவிடுங்கள், சக்கரம் உள்ளே போய்விடும். 95 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 8.8 ரக ஆக்சில் டிஸ்க் பிரேக்கோடு பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். நீளமான பக்கத்துக் குழாயைச் சுமார் 3 அங்குலம் வெட்டிவிட்டு, குட்டைப் பக்கத்து ஷாஃப்டையே இரண்டு பக்கமும் போடுவார்கள். ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் கிரவுனும் (ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டி) நடுவுக்கு வந்துவிடும். உங்கள் பழைய ஆக்சிலின் 4.11 ரேஷியோவில் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று) ஹைவேயில் எஞ்சின் கத்துகிற தொல்லையும் போகும்.

அச்சாணி
51-இல் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கிறது, அந்தக் குழாய் ஆக்சிலோடு சேர்ந்தது. ஆக்சிலைக் கழற்றினால் கியர்பாக்ஸின் பின்பாதியையும் மாற்றியாக வேண்டும். பின் சக்கரத்துக்கு 5 போல்ட், முன் சக்கரத்துக்கு 6 போல்ட் என்றும் ஆகிவிடும். முக்கால் அங்குல உரசலுக்கு இவ்வளவா?

தகரத் தச்சன்
சரி, நடுவழி ஒன்று சொல்கிறேன். இந்த மாடலுக்கு நகல் மட்கார்டு எஃகிலேயே புதிதாக வருகிறது. அகலமானதே வேண்டுமென்றால் ஃபைபர் கிளாஸிலும் உண்டு, ஆனால் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும், பெரிய வாஷர் போடாமல் மாட்டக்கூடாது. எஃகு நகலை வாங்கி அதை அறுக்கட்டும். பழையது பரணில் கிடக்கட்டும்.

அப்படியே இருக்கட்டும்
நகலை அறுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அறுக்கவே தேவையில்லாத இடத்தில் ஏன் அறுக்க வேண்டும்?

அச்சாணி
எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை. பட்டை ஸ்பிரிங் மேலிருந்து அழுந்தினால் நிமிர்ந்து நீளும். ஸ்பிரிங்கின் முன் கண் (முனை வளையம்) பிரேமில் மாட்டியிருப்பதால் ஆக்சில் பின்பக்கமாகத்தான் நகரும். அதனால் நிற்கிற வண்டியில் எடுத்த அளவு மட்டும் போதாது. பாரம் ஏற்றியும் பாருங்கள், ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கியும் பாருங்கள். அது இருக்கட்டும், இடது பக்கம் எவ்வளவு?

ஓஹையோவாசி
இப்போதுதான் அளந்தேன். இடது பக்கம் வெளியே கால் அங்குலம்தான் நீட்டுகிறது. உள்ளே ஒரு அங்குலம்.

தகரத் தச்சன்
பெட்டி இடது பக்கம் கால் அங்குலம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தித் தள்ளுங்கள், இரண்டு பக்கமும் அரை அங்குலம் ஆகிவிடும். ரிம்முக்கு ஆர்டர் அப்புறம் கொடுக்கலாம்.

அப்படியே இருக்கட்டும்
இதில் மட்டும் தச்சனோடு உடன்படுகிறேன். 275 தான் வேண்டும் என்றால் உள்ளும் வெளியும் சேர்த்தே முக்கால் அங்குலம்தான் மிஞ்சும், அதையும் கணக்கில் வையுங்கள்.