பள்ளிக்கூட வாசலில் ரஸ்தாஃபாரி சடைமுடி: விதியா, விரதமா?

மருதவாணன்:
சடைமுடியுடன் வரும், ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தாஃபாரி சமயத்துப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024 மே மாதம் மலாவி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கென்யாவில் 2019இலேயே ஒரு மாணவிக்கு இப்படித் தீர்ப்பு கிடைத்தது. இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. சீருடை எல்லோருக்கும் ஒன்று என்றால் முடி விதியும் ஒன்றுதான். மேலும், சடை அந்தச் சமயத்தின் அடிப்படையே அல்ல. அவர்கள் தெய்வமாகப் போற்றும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசிக்குச் சடை கிடையாது. 1930களில் ஜமைக்காவில் இந்த நம்பிக்கையைப் பரப்பிய லெனார்டு ஹவலுக்கும் கிடையாது.

கயல்விழி:
பேரரசருக்குச் சடை இல்லை என்பதால் அவரை வணங்குபவரின் விரதம் பொய்யாகிவிடுமா ஐயா? அவர்கள் ஆதாரமாகக் காட்டுவது விவிலியத்தின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரம். தன்னைக் கடவுளுக்கென்று ஒப்படைக்கும் நசரேய விரதம் பூண்டவரின் தலையில் சவரக்கத்தி படக் கூடாது என்கிறது அது. விவிலிய வீரன் சிம்சோன் அந்த விரதத்தில் வளர்ந்தவர். 1940களின் பிற்பகுதியில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழை இளைஞர்கள் சிலர் சீப்பையும் கத்தியையும் விட்டார்கள். வாராத தலையோடு திரிந்தால் பித்தன் என்று ஊர் ஒதுக்கிய காலம் அது. தெரிந்தே அந்த ஒதுக்கலை ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? 1963 ஏப்ரலில் ஜமைக்காவின் மான்டெகோ பே நகர் அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதைச் சாக்காக வைத்து, சம்பந்தமே இல்லாத ரஸ்தாஃபாரிகளையும் போலீசார் வளைத்துப் பிடித்தார்கள், அடித்தார்கள், சடையை வெட்டி எறிந்தார்கள். 2017இல்தான் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். எதை வெட்டினால் இவர்களுக்கு வலிக்கும் என்று அந்தப் போலீசாருக்குத் தெரிந்திருந்தது. இன்று வெறும் ஒழுங்கு விதி என்று சொல்லி அதே முடியை வெட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அன்பரசு:
இந்தியச் சாதுக்களிடமிருந்து போன வழக்கம் இது என்று படித்தேன். 1845 முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் ஜமைக்காவுக்குக் கப்பலில் போனார்களே!

கயல்விழி:
ரஸ்தாஃபாரிகள் சடங்கில் புகைக்கும் கஞ்சா அவர்களோடு போனது உண்மை, தம்பி. சடையைப் பற்றி ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கென்யாவின் மாவ் மாவ் போராளிகளின் படங்களைப் பார்த்து வளர்த்தார்கள் என்பவர்களும் உண்டு.

மருதவாணன்:
போலீசார் செய்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பன்னிரு கோத்திரத்தார் என்ற பெரிய பிரிவு சடையைக் கட்டாயமாக்கவில்லை. ஜமைக்காவின் புல் பே முகாமில் வாழும் போபோ அஷாந்தியர்கள் என்ற இன்னொரு பிரிவினரோ சடையைத் தலைப்பாகைக்குள் சுருட்டி, நீண்ட அங்கியும் அணிகிறார்கள். பிரிவுக்கு ஒரு வழக்கம் இருக்கும்போது, பள்ளி எதைச் சமயம் என்று ஏற்பது? மூவண்ணப் பின்னல் தொப்பியோடு பொய்ச்சடையும் சேர்த்துச் சுற்றுலாக் கடைகளில் விற்கிறார்கள். நாளை அதைப் போட்டு வருபவனும் சமய உரிமை கேட்பான்.

தெரசா:
கடைக்காரன் விற்பதற்கு அந்தப் பிள்ளை எப்படிப் பொறுப்பு? சிவப்பு சிந்திய ரத்தம், பொன்னிறம் ஆப்பிரிக்காவின் செல்வம், பச்சை அதன் மண் என்று வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்கிற பிள்ளை அது. எனக்கு உறுத்துவது வேறொன்று. தொழுகையில் ஆண் தலையைத் திறந்து சடையை விரித்துவிடுகிறான், பெண் மூட வேண்டும். அவளுக்கு நீண்ட பாவாடையும் கட்டாயம். போபோ அஷாந்தியர்களிடையே மாதவிடாய்க் காலத்தில் அவளைத் தனியே ஒதுக்குகிறார்கள். சுதந்திரத்தின் கொடியாகச் சடையைப் பேசும்போது இதையும் பேசுங்கள்.

கயல்விழி:
பேசத்தான் வேண்டும் அக்கா. அந்தச் சமயத்துக்குள்ளேயே அதை எதிர்த்துப் பேசும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக் கதவை அடைத்தால் அந்தச் சிறுமி படிப்பையும் இழப்பாள். மருதவாணன் ஐயா, பிரிவுக்குப் பிரிவு வழக்கம் மாறாத சமயம் ஒன்றைக் காட்டுங்கள்.

மருதவாணன்:
எந்தச் சமயத்துக்கும் விலக்கு வேண்டாம் என்பதே என் நிலை. சிலுவைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தெரசா:
சிலுவையைப் பள்ளி வாசலில் கழற்றி, மாலையில் மாட்டிக்கொள்ளலாம். வெட்டிய சடையை மாலையில் எங்கே மாட்டுவது?