ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டி

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
வியாழன், இரவு 8:40

வித்யா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்ணிச் சாவியக் குடுக்கணும். பாத்திரம், துணி எல்லாம் கட்டியாச்சு. அப்பாவோட படப் பெட்டி மட்டும் அப்படியே இருக்கு. ரெண்டு டிரங்கு. என் வீட்ல வைக்க இடமே இல்ல. என்ன பண்றது?

மீனா: எந்தப் பெட்டி

வித்யா: பேய்ப் பெட்டி அத்தை

மீனா: ஐயோ அதுவா

சண்முகம்: எடைக்குப் போட்டுடு.

ரம்யா: அப்பா!!

சண்முகம்: வைக்க இடம் இல்லன்னு அவளே சொல்றா. வேற என்ன பண்றது?

சரோஜா: தையல் மெஷின் யாருக்கு வேணும்னு அத முதல்ல சொல்லுங்க

செல்வா: வித்யா, பெட்டியத் தொடாத. யார்கிட்டயும் குடுத்துடாத. டைப் பண்ணிட்டிருக்கேன், இரு.

பிரபு: செல்வா அண்ணன் டைப் பண்றாரு

பிரபு: எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க

கோபி: [படம்: இனிய இரவு வணக்கம்]

செல்வா: அப்பா, அது எடைக்குப் போடற சாமான் இல்ல. சித்தப்பா பாத்துப் பாத்துச் சேத்தது. ஒரு பெட்டில பேய்ப் படம். இன்னொண்ணுல, வந்தப்போ யாரும் கண்டுக்காம, பின்னாடி ஒரு கூட்டம் தூக்கித் தலைல வச்சுக்கிட்ட காமெடிப் படம். ரெண்டுலயும் காசில்லாம எடுத்ததுதான் முக்கால்வாசி. கண்டதையும் அள்ளிப் போட்ட பெட்டின்னு நினைக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு, சிவப்பு மைல ஒரு வரி எழுதி ஒட்டியிருப்பாரு. வித்யா, ஏதாவது ஒண்ண எடுத்துப் படி.

வித்யா: 17. "ரத்தம் இல்ல, சாக்லேட் சிரப்."

செல்வா: நைட் ஆஃப் தி லிவிங் டெட். 1968. ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது. மொத்தச் செலவே சுமார் 1,14,000 டாலர்தான். ஒரு வீடு, ஏழு பேர், வெளிய பொணங்க நடந்து வருது. கறுப்பு வெள்ளைங்கறதால ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்ப ஊத்துனாங்க. சித்தப்பா இதையெல்லாம் முன்னாடியே சொல்லிட்டுத்தான் படத்தையே போடுவாரு. சொன்ன பிறகும் பயமா இருக்கும். "கை தெரியுது பாரு, ஆனாலும் பயமா இருக்கு பாரு"ன்னு தொடையத் தட்டுவாரு.

பிரபு: எனக்கு முன்னாடி சொல்லல

மீனா: அவனுக்கு எட்டு வயசு அப்ப. ஒரு வாரம் லைட்ட அணைக்க விடல. நான் சின்னண்ணன்கிட்ட ரெண்டு மாசம் பேசல

பிரபு: ஆறு மாசம்மா

மீனா: சரி ஆறு மாசம்

வித்யா: அதே படம் இன்னும் மூணு காப்பி இருக்கு அண்ணா. 18, 19, 20.

சண்முகம்: ஒரு ஆளுக்கு நாலு காப்பி எதுக்கு?

செல்வா: அதுக்கும் காரணம் இருக்குப்பா. படத்துக்கு முதல்ல வேற பேரு. வெளியிடறப்போ பேர மாத்துனாங்க. மாத்துன டைட்டில்ல, படம் இன்னாருக்குச் சொந்தம்னு சொல்ற காப்பிரைட் வரியப் போடாம விட்டுட்டாங்க. அன்னைக்கு அமெரிக்காவுல அந்த வரி இல்லன்னா உரிமையே இல்ல. அதனால யார் வேணும்னாலும் பிரதி எடுத்து விக்கலாம்னு ஆயிடுச்சு. எடுத்தவங்க கைக்கு வர வேண்டிய காசு வராமப் போச்சு. ஆனா மூலைமுடுக்கெல்லாம் படம் போய்ச் சேந்துடுச்சு. ஆளாளுக்கு ஒரு அட்டை போட்டு வித்தாங்க. நாலு காப்பிக்கும் நாலு அட்டை, சித்தப்பாவுக்கு அது பெருமை.

ரம்யா: எனக்கு இதெல்லாம் தெரியாது

கோபி: இந்தப் படமெல்லாம் இப்ப ஃபோன்லயே வருதே செல்வா. பெட்டி எதுக்கு?

செல்வா: படம் வரும் மாமா. அந்தச் சிவப்பு வரி வராது.

சரோஜா: கதவுக்குப் பின்னாடி ஒரு நீளப் பலகை கெடக்கு. கட்டில் பலகையும் இல்ல. இதையும் தூக்கிப் போட்டுடலாமா

செல்வா: சித்தி வேண்டாம்!!!

வித்யா: அம்மா அது நம்ம பலகை

மீனா: என்ன பலகை

செல்வா: ஈவில் டெட் பலகை அத்தை. 1981ல வந்த படம். சாம் ரெய்மி அத எடுக்க ஆரம்பிச்சப்போ இருபது வயசுப் பையன். கூட்டாளிங்களச் சேத்துக்கிட்டு முதல்ல அரை மணி நேரத்துக்கு ஒரு சின்னப் படம் எடுத்தான். அத ஆளாளுக்குப் போட்டுக் காமிச்சுத்தான் காசு சேத்தான். கேமராவத் தள்ளிக்கிட்டுப் போற பெரிய சாமான் எதுக்கும் வழியில்ல. ஒரு பலகை நடுவுல கேமராவ முடுக்கினாங்க. இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். தரைய ஒட்டிப் புடிச்சுக்கிட்டு காட்டுக்குள்ள ஓடுனாங்க. படத்துல பாத்தா கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு மரத்துக்கு நடுவுல பாஞ்சு வருது. அந்தக் கெட்ட சக்திக்கு உருவமே கிடையாது. அது எங்கேருந்து பாக்குதோ அங்கேருந்து நாமளும் பாக்கறோம், அவ்வளவுதான்.

செல்வா: சித்தப்பா அதப் பாத்துட்டு மறுநாளே தச்சர்கிட்டப் போய் பலகை வாங்கிட்டு வந்தாரு. பழைய சைக்கிள் டியூப வார் வாராக் கிழிச்சு கேமராவ இறுக்கிக் கட்டினாரு. ஒரு முனைல நான், ஒரு முனைல வித்யா. எனக்குப் பன்னெண்டு, அவளுக்குப் பத்து. உயரம் சரியில்லாம பலகை அவ பக்கமே சாஞ்சிக்கிட்டிருந்துச்சு. "சாஞ்சா சாயட்டும், பேய்க்கு நொண்டிக் கால்னு நினைச்சுக்குவாங்க, ஓடு"ன்னாரு. தோட்டத்துலேருந்து சமையக்கட்டு வாசல் வரைக்கும் ஓடுனோம்.

வித்யா: அம்மா ஈரத் துணிய எடுத்துட்டு வெளிய வந்தாங்க

சரோஜா: நான் நிஜமாவே கத்துனேன்

செல்வா: அந்தக் கத்தல்தான் சித்தி படம். சித்தப்பா அத எத்தனை தடவ போட்டுப் பாத்திருப்பாரு!

சண்முகம்: அந்தக் கேமரா யாரு காசுல வாங்கினதுன்னும் சொல்லு.

ரம்யா: அப்பா இப்ப வேண்டாம்

சண்முகம்: வீட்டு அட்வான்சுக்குன்னு வாங்கிட்டுப் போனான்.

மீனா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா: அது நாங்க திருப்பிக் குடுத்துட்டோம்

சண்முகம்: இல்லன்னு சொன்னேனா. சரி விடு.

கோபி: அலமாரி சாவி யார்கிட்ட இருக்கு? போன வாரம் என் பைல இருந்த மாதிரி ஞாபகம்

வித்யா: என்கிட்டதான் இருக்கு மாமா

பிரபு: நேர்மையா சொல்லுங்கண்ணா, பெட்டில பாதி மட்டமான படம்தானே

செல்வா: மட்டமானதும் இருக்கு பிரபு, இல்லன்னு சொல்லல. 31ஆம் நம்பர் பாரு. பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ். எட் வுட் எடுத்தது. ஆகாசத்துல பறக்கற தட்டக் கட்டித் தொங்கவிட்ட கயிறே தெரியும். பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசி 1956ல செத்துப் போனாரு. அவர வச்சு எடுத்த ஒரு சில காட்சிதான் எட் வுட் கைல இருந்துச்சு. மிச்சத்துக்கு முதுகெலும்பு வைத்தியம் பாக்கற ஒருத்தர நிக்க வச்சு, மேல்துணியால முகத்த மறைச்சுக்கச் சொன்னாரு. துளியும் ஜாடை ஒட்டல. 1980ல ஒரு புத்தகம் இதுக்கு உலகத்துலயே மோசமான படம்னு பட்டம் குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் தேடித் தேடிப் பாக்க ஆரம்பிச்சாங்க.

வித்யா: 31. "கூட்டாளியப் பாதில விடல."

செல்வா: ஆமா. அவரு அப்படித்தான் அதப் பாத்தாரு. விழுந்து விழுந்து சிரிப்பாரு, ஆனா ஏளனமாப் பேச விடமாட்டாரு. வேணும்னே மட்டமா எடுக்கற படம் அவருக்குப் புடிக்காது, எனக்கும் புடிக்காது. கேலிக்குன்னே செஞ்ச பொம்மைல ஒண்ணும் கிடையாது. நல்லா எடுத்துடணும்னு தலைகீழா நின்னு, கைல இருந்தது அவ்வளவுதான்னு ஆனவன் எடுத்த படம் வேற. அவன் எங்க தவிச்சான், எங்க சமாளிச்சான்னு திரைலயே தெரியும். கோடி கோடியாக் கொட்டி எடுத்ததுல அந்த இடத்தயெல்லாம் பூசி மெழுகிடறாங்க. எனக்கு யாரும் கூட உக்காந்து பாக்கற மாதிரியே இருக்காது.

ரம்யா: பேய்ப் படம் சரி. காமெடி ஏன் அதே கூட்டத்துல?

செல்வா: ரெண்டுக்கும் நேரம்தான் உசிரு அக்கா. கேட் பீப்பிள்னு 1942ல ஒரு படம். மிருகமா மாறற பொம்பளையப் பத்தின கதை. மிருகத்தக் காட்டறதுக்குப் பதிலா நிழலயும் சத்தத்தயும் வச்சே ஓட்டுவாங்க. ஒருத்தி ராத்திரில தனியா நடந்து போறா. பின்னாடி செருப்புச் சத்தம். திடீர்னு அந்தச் சத்தம் நின்னுடும். அவ ஓட ஆரம்பிப்பா. புஸ்ஸுன்னு சீறிக்கிட்டு ஒண்ணு திரைக்குள்ள வந்து நிக்கும்.

மீனா: பஸ்

செல்வா: அத்தை!!

மீனா: என்ன. கதவாண்ட நின்னு பாத்தேன். நெஞ்சு அடைச்சுப் போச்சு. அப்புறம் பாத்தா வெறும் பஸ்சு. சிரிப்பு தாங்கல

பிரபு: அம்மா நீங்க என்னைய மட்டும் திட்டுனீங்க

செல்வா: அதேதான் நான் சொல்ல வந்தது. தூக்கிவாரிப் போட்டதும் சிரிப்பு வந்தாத்தான் உடம்புக்கு நிம்மதி. காசு இருந்தா கருஞ்சிறுத்தையக் காட்டியிருப்பாங்க. பஸ்ஸு வந்திருக்காது.

கோபி: [குரல் பதிவு 2:14]

பிரபு: அப்பா தையல் மெஷினப் பத்திதான் பேசறாரு, கேக்க வேண்டாம்

வித்யா: 43 படிக்கறேன். "குதிரைக்கு வழியில்ல, தேங்காய் இருக்கு."

ரம்யா: இது எனக்குத் தெரியும்!! அப்பா சிரிச்ச படம்

செல்வா: மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெய்ல். 1975. ராஜா குதிரைல வர மாதிரி குதிச்சுக் குதிச்சு வருவாரு. கீழ குதிரையே இருக்காது. பின்னாடி சேவகன் ரெண்டு தேங்காய் ஓட்டத் தட்டிக் குளம்புச் சத்தம் குடுத்துட்டே வருவான். நிஜக் குதிரைக்குச் செலவு பண்ண முடியல, அதனால வந்த யோசனை. படத்துக்கே பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின் மாதிரி பாட்டுக் குழுங்கதான் பணம் போட்டாங்க. வேற வேற கோட்டைல எடுக்க அனுமதி இல்லாமப் போனதால ஒரே கோட்டைய அங்கங்க நின்னு எடுத்து நாலஞ்சு கோட்டையாக் காட்டிட்டாங்க. குதிரை இருந்திருந்தா அது இன்னொரு ராஜா படம், அவ்வளவுதான்.

ரம்யா: அப்பா அன்னைக்குக் கண்ணுல தண்ணி வர சிரிச்சீங்க. சித்தப்பா உங்களத்தான் பாத்துட்டு இருந்தாரு, படத்தப் பாக்கல

சண்முகம்: எனக்கு ஞாபகம் இல்ல.

மீனா: பெரியண்ணா

சரோஜா: ஒரு தேங்காய் ஓடு பெட்டிக்குள்ள கெடந்துச்சு. எதுக்குன்னு தெரியாமத் தூக்கிப் போட்டேன் நேத்து

வித்யா: அம்மாஆஆ

இரவு 10:05

செல்வா: கடைசியா நானும் சித்தப்பாவும் பாத்தது ஜப்பான் படம். ஒன் கட் ஆஃப் தி டெட். 2017. சுமார் 30 லட்சம் யென்ல எடுத்தது, பேர் தெரியாத நடிகருங்க. சின்னதா ரெண்டு தியேட்டர்ல ஆரம்பிச்சு, பாத்தவங்க வாயாலேயே பரவி, 300 கோடி யென்னுக்கு மேல வசூல் ஆச்சு. முதல் 37 நிமிஷம் வெட்டே இல்லாம ஒரே ஷாட். அந்த 37 நிமிஷமும் என்னடா இப்படி சொதப்பறாங்கன்னு இருக்கும். எழுந்து போகலாம்னு நினைச்சேன். சித்தப்பா என் கையப் புடிச்சு உக்கார வச்சாரு. அப்புறம்

பிரபு: அண்ணா சொல்லாதீங்க நான் பாக்கல

செல்வா: சொல்லல. அந்தப் படத்துல மட்டும் சொல்லக் கூடாது. வித்யா, அது மேலாக இருக்கும் பாரு. கடைசி நம்பர்.

வித்யா: இருக்கு. "பொறு." அவ்வளவுதான் எழுதியிருக்கு. எழுத்து நடுங்கியிருக்கு அண்ணா.

செல்வா: ம்

ரம்யா: செல்வா நீ எடுத்துக்கோயேன்

செல்வா: ஒரு பெட்டி என்னால முடியும். பேய்ப் பெட்டி. ரெண்டும் வைக்க நிஜமாவே இடம் இல்ல, கட்டிலுக்குக் கீழதான் வைக்கணும்.

கோபி: தையல் மெஷின் எங்களுக்குன்னு முடிவா?

சரோஜா: மீனா கேட்டா குடுக்கறேன்

மீனா: அண்ணி நான் கேக்கவே இல்ல, இவர்தான்

சண்முகம்: மாடில கொஞ்சம் இடம் இருக்கு. ஒரு பெட்டி வைக்கலாம். ஒரு மாசம்தான்.

ரம்யா: அப்பா

சண்முகம்: ஒரு மாசம்னு சொல்லிட்டேன். அந்த 43 எந்தப் பெட்டில இருக்கு?

வித்யா: உங்களுக்கு வர பெட்டில பெரியப்பா. மேலயே வச்சுடறேன்.

பிரபு: பலகை?

வித்யா: பலகை யாரும் சொல்லல இன்னும்

செல்வா: வண்டில ஏத்து, பாத்துக்கலாம். அந்தச் சின்னக் கேசட்டு கிடைச்சுச்சா? "தோட்டம்"னு எழுதியிருக்கும்.

வித்யா: இருக்கு. ஆனா போட்டுப் பாக்க மெஷின் இல்ல. கேமரா எப்பவோ போயிடுச்சு.

பிரபு: ஆபீஸ்ல ஒருத்தர் பழைய கேசட்ட மாத்திக் குடுப்பாரு, கேட்டுப் பாக்கறேன். பூஞ்சை புடிச்சிருந்தா சுத்தவிடாதீங்க, அப்படியே குடுங்க

சரோஜா: அதுல அவர் குரல் இருக்கா செல்வா

செல்வா: இருக்கு சித்தி. ஆள் தெரிய மாட்டாரு. "நிக்காத ஓடு, நிக்காத ஓடு"ன்னு பின்னாடியே கத்திட்டு வருவாரு. அப்புறம் நீங்க கத்துவீங்க. அப்புறம் அவரு சிரிப்பாரு, ரொம்ப நேரம். கேமரா தரையப் பாத்துட்டே இருக்கும்.

சரோஜா: சரி

சண்முகம்: ஞாயித்துக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு?

வித்யா: எட்டுன்னு சொன்னாங்க. ஒன்பதாவும் ஆகலாம். நாளைக்குக் கேட்டுச் சொல்றேன் பெரியப்பா.