புதுப்பிப்பு: மேலாளர் பதில் போடாவிட்டால் தூக்கம் போகிறது என்று எழுதினவன்தான்

போன மாதம் எழுதியிருந்தேனே, மேலாளர் வாட்ஸப்பில் பதில் போடவில்லை என்றால் வேலையே போய்விட்டதாக முடிவுகட்டி ராத்திரி முழுக்க முழித்துக் கிடக்கிறேன் என்று. சிலர் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் சோதித்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, பாருங்கள் என்றீர்கள். அதற்காகக் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் பாண்டிக்கு ஐந்து தடவை போய்வந்தாயிற்று.

'நல்லதையே நினை' என்பார்கள் என்று நினைத்தேன், அதெல்லாம் இல்லை. ஒரு நோட்டு. என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன இருக்கிறது என்று எல்லாம் எழுதி, கடைசியில் மறுபடி சதவீதம் போட வேண்டும். 90 போட்டது 40க்கு இறங்கியது. பூஜ்யம் ஆக வேண்டியதில்லையாம். இந்தச் சிகிச்சையை உருவாக்கிய மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் கவனித்த 'தானாக எழும் எண்ணங்கள்' இவைதானாம்.

அப்புறம் ஒரு சோதனை. லீவு கேட்டு மெசேஜ் போடுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று எழுதி வைக்கணும். 'திட்டுவார்' என்று எழுதினேன். மூன்று மணி நேரம் கழித்து 'சரி தம்பி' என்று வந்தது, சில்வர் பீச்சில் சுண்டலும் கையுமாக நின்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அடியில் கிடக்கும் நம்பிக்கை, அதாவது ஒரு தப்பு செய்தாலே நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்பது, இன்னும் அசையவில்லை. அடுத்த வாரம் அதைத்தான் எடுக்கிறோம். நோட்டு எழுதுவது மட்டும் மகா எரிச்சல்.