மூன்று நிறத்தில் ஒரே மீன்: சீட்டோஸ்காரஸ் கிளிமீன்களைக் கண்ட அனுபவங்கள்

அலைவிரும்பி:
மாலத்தீவின் பவளத்திட்டு ஒன்றில் முக்குளித்த முதல் நாள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய வெண்ணிற மீன் ஒன்று தனியே நீந்துவதைக் கண்டேன். கண்ணையும் சேர்த்து மறைக்கும் அகன்ற செம்மஞ்சள் பட்டை தலையில் இருந்தது. முதுகுத் துடுப்பில் ஒரு கரும்பொட்டு. வண்ணத்துப்பூச்சி மீன் என்று குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள், முதுகு மஞ்சளாகவும் அதன் கீழே உடல் செம்பழுப்பாகவும் இருந்த பெரிய மீனையும், சற்றுத் தள்ளி, இளஞ்சிவப்பு விளிம்பிட்ட பச்சைச் செதில்களோடு அதனினும் பெரிதாக இருந்த இன்னொன்றையும் பார்த்து, அவற்றை இரண்டு தனி இனங்களாகப் பதிந்துகொண்டேன். மூன்றும் சீட்டோஸ்காரஸ் ஓசெல்லாட்டஸ் என்னும் ஒரே இனத்தின் குஞ்சும் பெண்ணும் ஆணுமே என்று பின்னர் அறிந்தபோது அடைந்த வியப்பு இன்னும் தீரவில்லை. பெண்ணாக வாழ்ந்த மீனே பிற்பாடு ஆணாக மாறிப் பச்சை நிறம் பெறுகிறது என்பதால், நான் கண்ட அந்த ஆணும் ஒரு காலத்தில் மஞ்சள் முதுகோடு திரிந்திருக்கக்கூடும்.

செங்கடல்வாசி:
அதே போன்ற குஞ்சை எகிப்தின் ராஸ் முகமது கடற்பகுதியில் நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அதன் பெயர் வேறு. செங்கடல் மீனுக்கு 1829-இல் சீட்டோஸ்காரஸ் பைகலர் என்பதில் உள்ள ‘பைகலர்’ என்ற பெயரை இட்டவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் ருப்பெல். ஓசெல்லாட்டஸ் என்ற பெயர் 1840-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியென் இட்டது. நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகவே கருதியதால், பழைய கையேடுகள் மாலத்தீவு மீனையும் பைகலர் என்றே குறிக்கின்றன. இப்போது பைகலர் செங்கடலுக்கு மட்டும் உரியது. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை வாழ்வது ஓசெல்லாட்டஸ். சீட்டோஸ்காரஸ் என்னும் பேரினத்தில் உள்ளவை இவ்விரண்டே. எனவே படத்தைப் பகிரும் உறுப்பினர்கள், எந்தக் கடலில் எடுத்தது என்பதையும் தவறாமல் எழுதுமாறு வேண்டுகிறேன்.

பவளநேயன்:
நிறத்தைவிட என் நினைவில் நிற்பது ஓசைதான். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் ஆண் மீன் பாறையைக் கடித்தபோது, கற்கண்டை நொறுக்குவது போன்ற ஒலி நீருக்குள் தெளிவாகக் கேட்டது. பற்கள் இணைந்து அலகாகிவிட்ட கிளிமீன்களில் பல, பாறையின் மேற்பரப்பை மட்டுமே சுரண்டும். சீட்டோஸ்காரஸ் மீன்களோ பாறையையே பெயர்த்தெடுக்கும் வகை. பெயர்த்ததைத் தொண்டைக்குள் உள்ள பற்களால் அரைத்து, உணவைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை மணலாகக் கழித்துவிடுகின்றன. அம்மீன் நகர்ந்த பின் நான் அருகே சென்று பார்த்தேன். பாறையில் புதிய வெண்தழும்பு ஒன்று இருந்தது, சற்று அப்பால் அதன் உடலிலிருந்து வெளியேறிய வெண்மணல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.